குழாயில் மிஞ்சிய காற்று

கல்கூர்லி, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படியிருக்கிறது? நான் நலம்.

பட்டறையில் சின்ன விபத்து. காற்றில் இயங்கும் சுத்தியலைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். காற்று வரும் வழியை அடைத்தவன், விசையை அழுத்திக் குழாயில் மிஞ்சியதை வெளியேற்ற மறந்துவிட்டேன். குழாய் துள்ளி, இங்கே என்னோடு வேலை செய்யும் நம் பக்கத்து வீட்டு சவேலியோவின் புருவத்தைக் கிழித்துவிட்டது. கண் தப்பியது.

"மூஞ்சியக் கெடுத்துட்டியேடா! இனி எந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாப்பா?" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் வீட்டுக்குச் செய்தி போய்விட்டதாம். நம் சமோவா வழக்கப்படி, நல்ல பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, எனக்காக மன்னிப்புக் கேட்டு அவர்கள் வாசலில் நீங்கள்தானே மண்டியிட வேண்டும்? கீழே ஒரு துணியாவது மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். விசையை ஒருமுறை அழுத்தியிருந்தால், உங்கள் முழங்கால் தரையில் பட வேண்டியிருக்காது.

உங்கள் மகன்,
சிமி