மூக்கு விஷயமாக இங்வில்டுக்கு

இங்வில்ட்,

மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. நேற்று கோபத்தில் நான் சாப்பிடாமல் விட்ட பங்கும் அதில்தான். குழாய் ரிப்பேர்காரர் மூன்று மணிக்கு வருவார்.

நேற்று "என் மூக்கு கோணலா இருக்கா, சொல்லேன்" என்று மூன்று தடவை கேட்டேன். "அதுக்கு மட்டும் பதில் கிடையாது ஓட்வார், வேணும்னா உருளைக்கிழங்கை உரி" என்றாய். கதவை அறைந்துவிட்டுப் போனேன். நீ செய்ததுதான் சரி. பதில் சொல்லச் சொல்ல இந்த மூக்குக் கவலை வளரத்தான் செய்யும், அதனால் சொல்லக் கூடாதென்று அதற்கான சிகிச்சையின்போது உன்னிடம் கேட்டுக்கொண்டவனே நான்தான்.

சிகிச்சை முடிந்த இந்தப் பதினோரு மாதத்தில் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. போதாக்குறைக்கு, இந்த மே மாத வெயிலில் ஒரு வாரமாக மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டு திரிகிறேன். நோய் திரும்புவதற்கான அறிகுறிகள் என்று நாம் எழுதிவைத்த பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. அதனால் முற்றுவதற்குள் டாக்டர் துரித்துக்குக் காலையிலேயே போன் செய்தேன். "நீங்களே கூப்பிட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்" என்றார். வியாழன் நான்கு மணிக்கு வரச் சொன்னார். நீயும் வா.

இப்போது படகுத்துறைக்குக் கிளம்புகிறேன். புது வேலையின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள். மஃப்ளர் ஆணியிலேயே தொங்கட்டும்.

ஓட்வார்

பி.கு. கீழறைச் சாவி ரொட்டி டப்பாவில். ஏனென்று கேட்காதே.

இன்னொன்று: கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டேன். இரண்டே நிமிடம். முன்பென்றால் நான் நகர்வதற்குள் இரண்டு படகு போயிருக்கும்.

கடைசியாக: சாயங்காலம் அட்டையைக் காட்டுகிறேன். வயிறு வலிக்கச் சிரி. "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதே.