மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

எருமப்பட்டி
10-3-1932

மாமா அவர்களுக்கு, சௌந்திரம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

நம் பிள்ளை வசந்தாமணிக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்திவிட்டேன். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். போன வருஷம் நம் பெரியவனுக்குப் போட்டிருந்தபோது, கஞ்சி குடிக்கவில்லையென்று அதட்டினேன். அன்றைக்கே போய்விட்டான். இந்தத் தடவை வாய் தவறமாட்டேன்.

நேற்றுக் காய்ச்சலில் கண்ணைத் திறந்து, "அழுவாதே, நான் போயிர்றேன்" என்றாள். ஆத்தாதான் வாக்குக் கொடுத்தாள். சந்தோஷத்தில் காலில் விழுந்து அழுதேன். நீங்கள் அணைக்கட்டு வேலையை விட்டு வரவேண்டாம். வெளியாள் கால் படக்கூடாது.

சௌந்திரம்

மேட்டூர்
15-3-1932

சௌந்திரத்துக்குச் சென்னிமலை எழுதுவது.

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் வெளியாளா? அதட்டினதால் பையன் சாகவில்லை கண்ணு, நோவில் போனான். ஆத்தாளை நானும்தான் கும்பிடுகிறேன். ஆனால் பிள்ளை பயந்து கிடக்கும். பக்கத்தில் படுத்துக்கொள். மேஸ்திரி விட்டதும் வந்துவிடுகிறேன்.

சென்னிமலை

எருமப்பட்டி
2-4-1932

மாமா அவர்களுக்கு,

ஆத்தா இறங்கிவிட்டாள். தலைக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. இனிப் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று பூசாரி வீரபாகு சொல்லிவிட்டார். எனக்குத்தான் நாக்கு எழவில்லை. "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டுகிறாள். நான் எட்ட நின்று கும்பிடுகிறேன். ஆத்தா முழுக்கப் போய்விட்டாள் என்று யார் கண்டது? தொட்டுத் தப்பாகி இவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

சௌந்திரம்

மேட்டூர்
6-4-1932

சௌந்திரம்,

உயிரோடு இருக்கிற பிள்ளையை ஏன் தாயில்லாப் பிள்ளை ஆக்குகிறாய்? தூக்கு. தப்பென்றால் அது என் தலையில் விடியட்டும்.

சென்னிமலை

எருமப்பட்டி
11-4-1932

மாமா,

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். நான் ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்திப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டத்தை விட்டு மெல்ல என் மடியில் சாய்ந்துகொண்டாள். "சாமி வந்தாத்தான் கிட்ட வருவியாம்மா? தெனமும் ஆடட்டுமா?" என்றாள்.

அப்படியானால் அன்றைக்குக் காய்ச்சலில் பேசியதும் ஆத்தா இல்லை, இவள்தான். சாகப்போகிறோம் என்று நினைத்து என்னைத் தேற்றியிருக்கிறாள். அதற்குத்தான் நான் சந்தோஷப்பட்டேன்.

இவ்வளவும் புரிந்தும் என் கை அவள் தலைமேல் போகவில்லை, மாமா. கும்பிட்டபடியே இருந்தேன். அப்படியே தூங்கிவிட்டாள். மேஸ்திரி விட்டாலும் விடாவிட்டாலும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வரும்போது வாசலில் நின்றே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தப் பேரைக் கேட்டு அவளுக்கு நாளாயிற்று.

சௌந்திரம்