நடுக் கண்ணாடியை மறைத்த டிவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வேனும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். தினமும் போனில் பேசிவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே குறுக்கே விழுந்து தீர்ப்பே சொல்லிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. நம் வேனில் டிவி மாட்டியாயிற்று. கூரையில் ஒட்டிக்கொண்டு, வேண்டும்போது இறக்கி, முடிந்ததும் மடக்கி வைக்கிற மாதிரி ஒன்று. போன முறை விமான நிலையத்திலிருந்து வீடு வரை நாலு மணி நேரம் வாலு அழுத அழுகை உனக்கு மறந்திருக்காது. நீயும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கெஞ்சினீர்கள், நான் எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன், அதைக் கேட்டு அழுகை கூடியதுதான் மிச்சம். அன்றே அப்பா மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்திருக்கிறார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தன் வண்டியில் இப்படி ஒன்றை மாட்டியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த முறை பேத்தி சிரித்துக்கொண்டே வரவேண்டும், அவளை நான்தான் போய்க் கூட்டிவர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மாட்ட வந்தவரை இங்கே எல்லாரும் ஸ்குரூ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் நடந்தாலே சட்டைப் பையில் நாலு ஸ்குரூ சலசலக்கும். நல்ல வேலைக்காரர், கூரைத் துணியைச் சுருக்கம் விழாமல் வெட்டினார், ஒயரைக் கதவோரமாக உள்ளே விட்டு ஒரு இடத்திலும் வெளியே தெரியாமல் கொண்டுபோனார். தையல்காரி இருக்கிற வீட்டில் கண்ணளவில் வேலை நடக்க விடலாமா, நான் டேப்பையும் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாலுவுக்குப் போன முறை கவுன் தைத்த அளவு நோட்டில் இருந்தது. அந்த உயரத்துக்கு அப்பாவை நடு வரிசையில் சரிந்து உட்காரச் சொன்னேன், பாவம், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் டிவி ரொம்ப மேலே இருந்தது. குழந்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்ன ஆகும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து, கூரைக்கும் டிவிக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்து இறக்க வைத்தேன். ஓட்டுகிறவருக்குப் பின்னால் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றார் ஸ்குரூ. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாதவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று அப்பா முறைத்துவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்து நடுக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்து, எல்லாம் தெரிகிறது, முடுக்கு என்றார். அன்று சாயங்காலம் வீட்டு டிவியைச் சும்மா விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நின்ற வேனுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே முயல் பொம்மைப் படம் பார்த்தோம். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நன்றாக இருந்தது.

அதன்பிறகு பத்து நாள் அப்பா டிவியை மடக்கவே இல்லை, கடைக்குப் போனாலும் இறக்கிவிட்டபடிதான், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. பதினோராம் நாள் ஸ்பீக்கர் இரைகிறது என்று ஸ்குரூவை வரச்சொன்னோம். அவர் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், நடுக் கண்ணாடியைப் பார்த்தார், மெதுவாக என்னைக் கூப்பிட்டார். “அக்கா, இதுல டிவி முதுகுதான் தெரியுது, பின்னால ரோடே தெரியல. அண்ணன் பத்து நாளா எப்படி ஓட்டுனாரு?” உனக்கு வண்டி பழக்கியபோது கண்ணாடி பார்க்காமல் நகர்த்தினாய் என்று நடுத்தெருவில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போன மனிதர் உன் அப்பா. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. என் மெஷின் ஊசிக்கு நூல் கோத்துத் தருவது எப்போதும் அவர் வேலை. இரண்டு மூன்று மாதமாகக் கேட்டால் கை ஈரம் என்பார், நீயே கோத்துக்கொள் என்பார். சோம்பல் என்று நினைத்துவிட்டேன், கூடவே இருந்தும் நான் கண்டுபிடிக்கவில்லை.

டயர் கழுவிக்கொண்டிருந்த அப்பா காதிலும் ஸ்குரூ சொன்னது விழுந்தது. குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். மதியம் சாப்பிட்டுவிட்டு என் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “ரெண்டு மாசமாவே அந்தக் கண்ணாடி எனக்குப் புகை மூட்டமாத்தான் தெரியுது. டிவி வந்து மறைச்சதே எனக்குத் தெரியல. சொன்னா சாவிய வாங்கிடுவீங்க. புள்ளைய நான் போய்க் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன்” என்றார். நான் திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அவர் எழுந்து வேன் சாவியை என் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போனார்.

பதறாதே. கண்புரைதான், இரண்டு கண்ணிலும். ஒரு கண்ணுக்குப் போன வாரம் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக இருக்கிறார். வீடியோவில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னது கறுப்புக் கண்ணாடியை மறைக்கத்தான். இப்போது கேட்காமலே ஊசிகளை எடுத்து வரிசையாக நூல் கோத்து வைக்கிறார், நான் தைக்கிற வேகத்துக்கு அது ஒரு வருடத்துக்குக் காணும். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம். அதுவும் முடிந்து பரிசோதித்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், உங்கள் விமானம் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம் என்றேன். சரி என்றுதான் சொன்னார், ஆனால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே நான் ஓட்டி வருகிறேன். இங்கேதான் நீ குறுக்கே விழுவாய் என்று தெரியும், விழாதே. எனக்கு லைசென்ஸ் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, தவறாமல் புதுப்பித்தும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிற ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டதால்தான் தெருமுனையைத் தாண்டவில்லை. மூன்று வாரமாக விடிந்ததும் வண்டியை எடுக்கிறேன், இரண்டு தடவை விமான நிலையம் வரையே போய்வந்துவிட்டேன். மரக்கட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டேன், டிவி மேலே ஏறியதும் கண்ணாடியில் சாலை பளிச்சென்று தெரிகிறது. குழந்தைக்கு எட்டுமா என்ற கவலையில், நீ அனுப்பிய படத்தில் அவள் கதவருகே நிற்பதைப் போன வருடப் படத்தோடு ஒப்பிட்டேன். நாலு விரல் வளர்ந்திருக்கிறாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வளரும் வளரும் என்று மடிப்பு விட்டுத் தைக்கிறவள், சொந்தப் பேத்தியைப் பழைய அளவிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். கட்டையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்தக் கட்டை இல்லாவிட்டால் அவர் கண் விஷயம் எப்படித் தெரிந்திருக்குமோ, அதனால் அதை எறியவில்லை, மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்று டாக்டரிடம் போகும்போது அப்பா முன்னால் உட்காரவில்லை, பேத்தியின் இடத்திலிருந்து படம் பார்க்கிறேன் என்று நடு வரிசைக்குப் போனார். பெரிய சாலையில் வளைவுக்கு முன் நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். முயல் படத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, டிவியின் முதுகுக்குக் கீழே அவர் முகம் தெரிந்தது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரை அப்படித்தான். இறங்கும்போது, “நீ கண்ணாடி பாத்து ஓட்டுற” என்றார். அவ்வளவுதான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு ஓட்டுநரைப் பற்றியும் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், பத்திரமாக வந்து சேர வேண்டும். பேத்திக்குப் பிடித்த படங்களின் பெயரை எழுதி அனுப்பு, முயலே போதும் என்கிறார் அப்பா, நம்பாதே. ஒன்று மட்டும் மறக்காதே. நீ வெளியே வரும்போது ஓட்டுகிற இருக்கையில் அப்பாவைத் தேடாதே, வியந்து பேசவும் செய்யாதே. பெட்டியை ஏற்றச் சாவியை உன்னிடம் தருகிறேன், ஏற்றிவிட்டு அதை அவர் கையில் கொடு. அவர் அதை என்னிடம் தருவார்.

உன் வரவுக்காக நாள் எண்ணும்,
அம்மா