எல்.கே.ஜி.க்கு ஒரு ஆம்பளை வாத்தியார்

7 ஜனவரி 2025

பிரஸ்ஸில் ரிஜெக்ட் ஆன டைரி இது. ஏப்ரலுக்கு முப்பத்தோரு நாள் அடித்து வைத்திருக்கிறார்கள். கழிவுக் காகித வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான டைரி எங்கே கிடைக்கும்? ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு நாள் எனக்கு உண்டு.

இன்று லோடு வரவில்லை. மகன் ரய்யான் இன்றும் இரண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கிவிட்டு வந்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இரண்டு வருஷப் படிப்பு. இது கடைசி வருஷம். ஏதாவது ஒரு நர்சரியில் பயிற்சி வகுப்பு எடுத்து, அதைப் பயிற்சி நிலையத்து மேடம் வந்து பார்த்து மார்க் போட்டால்தான் சர்டிபிகேட். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பெண் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. இவன் ஒருத்தன்தான் பாக்கி.

பத்தாவதோடு நின்ற நான் என்ன யோசனை சொல்ல? "நல்லா சாப்பிடு" என்றேன்.

10 ஜனவரி, வெள்ளி

ஜும்மா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சினன் தவுபிக் பிடித்துக்கொண்டான். "என்ன மச்சான், ஒங்க மகன் மூக்கு தொடைக்கிறதுக்கு ரெண்டு வருசம் படிக்கிறானாம்ல?" நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ஆமாப்பா, ஒன் மூக்கைக் கொஞ்சம் காட்டு, பழகிக்கிறானாம்"னு சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்து கைலி மாத்தும்போதுதான் தோணுச்சு. என் மூளை எப்பவும் அடுத்த பஸ்ஸிலதான் வரும்.

18 ஜனவரி

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "ஜென்ட்ஸ் எடுக்கிறதில்லைங்க. பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், டிரஸ் மாத்தி விடணும். பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் தாய் இடுப்பிலிருந்து இறங்கி இவனிடம்தான் ஓடும். அதை அந்த அம்மாவிடம் எப்படி நிரூபிக்க? ஒரு பிள்ளையைக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி வந்தது. எனக்கு நாலு வயசில் ஒரு மகள் இருந்து, அவளை முன்பின் தெரியாத ஒரு இருபது வயசுப் பையனை நம்பி விடுவேனா?

விடமாட்டேன்.

அப்படியென்றால் என் மகனுக்கு நானே வேலை கொடுக்கமாட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். நல்லவேளை.

27 ஜனவரி

கிடைத்துவிட்டது! தாயில்பட்டியில் ஜெயசீலி டீச்சர் என்று ஒருத்தர் சின்ன நர்சரி ஒன்று நடத்துகிறார். எல்லாம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கம்பெனி வேன் வெள்ளனவே வந்துவிடுவதால், தாய்மார் பிள்ளைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

"பாதிப் பிள்ளைக பல்லு வௌக்காமத்தான் வரும். வௌக்கி விடுவியாப்பா?" என்றார் டீச்சர்.

"வௌக்கி விடுவேன் டீச்சர்."

"கொமட்டாதா?"

"எங்க அத்தா வாயைப் பாத்தே வளந்தவன் டீச்சர்."

பெத்த அப்பனை விற்று வேலை வாங்கிவிட்டான். டீச்சர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கதவு எப்பவும் தெறந்தே கெடக்கும். ஆயாம்மா கூடவே இருப்பாக. அதுக்குச் சம்மதம்னா நாளைக்கே வா." அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

3 பிப்ரவரி

பாத்ரூமுக்குள் ரய்யானின் யானைப் பாட்டு. நேரமாச்சு என்று கதவைத் தட்டின என் வீட்டுக்காரி குல்சாருக்கு உள்ளேயிருந்து யானை மாதிரியே பதில் வந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை பியூலா மேடம் வந்து இவன் வகுப்பைப் பார்க்கிறார். படத்தைக் காட்டிப் பேர் சொல்ல வைக்கிற பாடம். கடையில் படம் வாங்கக் கிளம்பியவனை நான்தான் நிறுத்தினேன். நம் குடோனில் இல்லாத படமா? பட்டாசுப் பெட்டி லேபிள், ரிஜெக்ட் ஆன ஷீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. சேவல், மயில், புலி, ரயில் வண்டி. அந்தக் கலருக்கு முன்னால் கடைப் படம் நிற்குமா?

"வெடி லேபிள்னு தெரியுமே அத்தா."

"தெரியாமப் பண்றேன் பாருலே."

வெடியின் பேர், கம்பெனிப் பேர், ஒரு எழுத்து மிச்சமில்லாமல் வெட்டி எடுத்தேன். மிருகம் மட்டும்தான் பாக்கி. அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டினேன்.

"பள்ளிக்கூடத்துல இம்புட்டு சிரத்தையா இருந்திருந்தா நீங்களும் வாத்தியாராயிருப்பீக" என்றாள் குல்சார். இன்றைக்கு எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

11 பிப்ரவரி

எங்கேயிருந்து எழுத.

சேவலைத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேட்டிருக்கான். பிள்ளைக அம்புட்டும் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிருச்சாம். ஒண்ணு பாக்கியில்லாம. பொத்திக்கிட்டு "வெடி! வெடி!"ன்னு ஒரே கத்து, சிரிப்பு. மயிலைக் காட்டினா "மத்தாப்பு!" ரயிலைக் காட்டினா திரும்பவும் காதைப் பொத்துதுக. மேடமே சிரிச்சுட்டாங்களாம்.

புலியைக் காட்டினப்ப ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கல. சொர்ணலட்சுமி. நாலு வயசு. காதைப் பொத்தினபடியே டீச்சர் மேசைக்கு அடியில போயிருச்சு. அது நின்ன எடத்துல ஈரம். அதோட அம்மா போன வருசம் ஒரு வெடி விபத்துல போயிருச்சாம். வீட்ல அந்தம்மா வாங்கி வச்சிருந்த வெடிப்பெட்டி மேல இருந்தது அந்தப் புலிதானாம்.

ரய்யான் அட்டையைப் போட்டுட்டு மேசைகிட்ட குனிஞ்சு கூப்பிட்டிருக்கான். அது இவனைப் பாத்து இன்னும் உள்ள நகந்துச்சாம்.

எழுத்தையெல்லாம் வெட்டினேனே — நாலு வயசுப் பிள்ளைக்கு ஏது எழுத்து? அதுக படத்தைத்தானே படிக்கும்? எழுத்துல இருந்த வெடியை எடுத்துட்டு, படத்துல இருந்த வெடியைப் பத்திரமா அட்டையில ஒட்டிக் குடுத்திருக்கேன். ஊர் முழுக்க லேபிளு. அந்தப் பிள்ளைகளுக்குச் சேவல்னாலே இந்தச் சேவல்தான். இது தெரியாமயா இந்த ஊர்ல இத்தனை வருசம் யாவாரம் பண்ணினேன்?

"படம் யாரு செஞ்சது?"ன்னு மேடம் கேட்டிருக்காங்க. "நான்தான் மேடம்"னு சொல்லியிருக்கான்.

13 பிப்ரவரி

ரய்யான் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மனசு சரியில்லை என்றால் சாப்பாடு இறங்காதது அவன் அம்மா பக்கத்துக் குணம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

அந்தப் பிள்ளையின் அப்பா மாரீஸ்வரனைப் பார்க்கத் தனியாகப் போனேன். அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். "உக்காருங்க பாய்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

படம் செய்தது நான்தான் என்று சொன்னேன். 

"வீட்ல ஒரு வெடிப்பெட்டி அட்டைகூட இல்லாமத் தூக்கிப் போட்டேன் பாய். தீவாளிக்கு வெடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு தோட்டத்துல ஒரு சொந்தக்காரக வீட்ல கொண்டுபோய் வச்சிருந்தேன். இப்பத்தான் கொஞ்சம் பேச ஆரம்பிச்சுச்சு."

நான் தலையைத் தொங்கப் போட்டிருந்தேன்.

"ஒங்க மகன்மேல கோவமில்ல. தங்கமான பையன். நான் கோணலாப் போட்ட சடையை அவிழ்த்து அவரு நேராப் போட்டு விடுவாரு. ஆனா இப்ப 'ரய்யான் சார்'னு சொன்னாலே காதைப் பொத்துது. அவரு வரவேணாம் பாய்."

ஜெயசீலி டீச்சரும் அதையேதான் சொன்னார், கண்ணைப் பார்க்காமல். மற்ற தாய்மாரும் கேட்கிறார்களாம். "ஆம்பளைப் பையன் வேணாம்னு மொதல்லயே சொன்னோம்ல" என்று.

ஆம்பளைப் பையன் என்ன செய்தான்? செய்தது ஒரு கிழட்டு ஆம்பளை. ஆனால் கெட்ட பேர் அவனுக்கு.

9 மார்ச்

நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு "எந்திரிப்பா" என்கிறேன், "எந்திரிச்சிட்டேன்" என்கிறான். ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

20 ஏப்ரல்

வேறு எந்த நர்சரியும் எடுக்கவில்லை. மிச்சப் பயிற்சியை நிலையத்திலேயே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். கூடப் படிக்கிற பெண்கள் தரையில் பிள்ளைகள் மாதிரி உட்கார, இவன் பாடம் எடுக்க வேண்டும். ஒருத்தி பென்சிலைக் காணோம் என்று அழுதாளாம், ஒருத்தி பக்கத்திலிருந்தவளைக் கடித்தாளாம்.

"நல்லா நடிச்சாளுகளா?" என்று கேட்டேன்.

"கடிச்சதை மட்டும் நடிக்கல அத்தா" என்றான். இரண்டு மாசத்துக்கு அப்புறம் ஒரு தமாஷ். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

29 மே

பாஸ். பயிற்சி வகுப்புக்குப் பாஸ் மார்க்குக்கு மேல் ஒன்றுமில்லை. குல்சார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தேன். நல்ல கனமான பேப்பர். எனக்கு வேறு என்ன தெரியும், அதைத்தான் சொன்னேன்.

12 ஜூன்

காரியாபட்டியில் நேர்முகம். தாளாளர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு சிலம்பம் தெரியுமா? பி.டி. சார் வேலை இருக்கு" என்றாராம். ரய்யான் ஊதினால் விழுகிற உடம்பு. சிலம்பக் கம்பே இவனைவிடக் கனம்.

"'தெரியாது சார். ரைம்ஸ் தெரியும்'னு சொல்லிட்டு வந்தேன் அத்தா" என்றான்.

23 ஜூன்

எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சில இடத்தில் வாட்ச்மேனே சொல்லிவிடுகிறார்.

அவன் சேர்த்து வைத்திருந்த கைப் பொம்மைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டானாம். குல்சார் சொன்னாள். நான் தெரியாத மாதிரியே இருந்தேன்.

7 ஜூலை

வேலை கிடைத்துவிட்டது. விருதுநகரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. ஃபீஸ் ரசீது போடணும், ஐ.டி. கார்டு அடிக்கணும், வேன் ரூட் பார்க்கணும். தவுபிக்தான் சொல்லிவிட்டிருக்கிறான். பயலுக்கு நல்ல மனசு. சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பியபோது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். குல்சார் பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கு அத்தா. கம்ப்யூட்டர் புதுசு."

"கூட யாரு?"

"நான் மட்டும்தான். சின்ன ரூமு. அடுத்த ரூமு எல்.கே.ஜி."

"அப்பச் சத்தமா இருக்குமே?"

"இல்ல அத்தா. ஜன்னலைச் சாத்திட்டுத்தான் வேலை பாத்தேன்."

பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தான். சீக்கிரமே படுத்துவிட்டான்.

ஜூலை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எப்படி உட்காருவான்? நாளைக்கு பஜாருக்குப் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுக்கணும்.