நான் படுத்த படுக்கையாக இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நான் அதைவிடச் சுகம், முக்கியமாக அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம், மூன்று நாளாக எழுதுகிறேன், ஒரு வரி முடிந்ததும் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம். கண்ணில் படுவதையெல்லாம் படியுங்கள் என்று எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, பஸ் பலகை ஒன்றையும் விடுவதில்லை. "இந்த மனுசன் உப்புப் பொட்டலத்தைக்கூட நிம்மதியா பிரிக்க விடமாட்டேங்கிறாரு" என்று அம்மா புலம்புகிறாள்.

அப்படித்தான் பீரோவில் நீ விட்டுப்போன காகிதத்தையும் எடுத்தேன். போன வருடம் வந்தபோது மருத்துவக் காப்பீடு என்று சொல்லி என்னிடம் கைநாட்டு வாங்கினாயே, அதன் நகல். எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு நாள் படித்தேன். உன் வங்கிக்கு எழுதியது. நான் மூன்று வருடமாக உன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறேனாம், தூக்கி உட்கார வைக்க உன்னை விட்டால் ஆளில்லையாம், அதனால் வெளியூரில் மேலாளர் பதவி உனக்கு வேண்டாமாம். அம்மாடி, படித்து முடித்த அன்று காலையில்தான் பள்ளிக்கூட மாடிச் சுவருக்கு ஏணி போட்டுப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்திருந்தேன். முதலில் சிரித்தேன். அடியில் என் ரேகையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அம்மாவைக் கேட்டேன், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "மாப்பிள்ளை அந்த ஊரை விட்டு வரமாட்டேங்கிறாரு, அவளும் போகக்கூடாதாம். அதை ஆபீசுல எழுத முடியுமா? அப்பாவுக்கு முடியலன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். முதல் முறை குழந்தை சின்னது என்று மறுத்தாய், இரண்டாம் முறை என்னைப் படுக்க வைத்து மறுத்தாய். இப்போது மூன்றாவது அழைப்பாம், இதையும் மறுத்தால் இனிக் கூப்பிடவே மாட்டார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஐந்தாறு வருடத்துக்கு முன் உன் வங்கிக்கு வந்த அன்று பார்த்தேனே, உன்னிடம் வேலை கற்றவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார், நீ அவர் கதவைத் தட்டி லீவு கேட்கிறாய். உங்கள் பெரிய அதிகாரி என்னிடம், "உங்க பொண்ணு கவுண்டர்ல இருந்தா சத்தமே வராது. மேலாளர்னா கடன் வசூலுக்கு அலையணும், நாலு பேர்கிட்ட மல்லுக்கட்டணும், பொம்பளைங்களுக்கு எதுக்கு ஐயா அந்தத் தலைவலி" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன், மடையன். அந்தத் தலைவலி வேண்டுமா என்று உன்னை யாரும் கேட்கவில்லையே. ஒரு கதவை அவர் சாத்தினார், இன்னொன்றை மாப்பிள்ளை சாத்தினார், தாழ்ப்பாள் போட்டது என் கட்டைவிரல்.

போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று அந்தப் பக்கம் வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், சரி என்று எழுதிக்கொடு. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் அம்மாவும் எந்த ஊருக்கும் மூட்டை கட்டுகிறோம், மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இல்லை, மறுத்தே தீருவேன் என்றால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் உள்ள காரணத்தை எழுது. என் கணவர் சம்மதிக்கவில்லை என்று எழுது. அதை எழுதக் கை கூசினால், எழுதவே கூசுகிற ஒரு காரணத்துக்காகவா பதினெட்டு வருட உழைப்பை விட்டுக்கொடுக்கிறாய் என்று ஒரு நிமிடம் யோசி. இன்னொரு தடவை என்னைப் படுக்க வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுளையும் சேர்த்து நன்றாக இரு.

இப்படிக்கு,
இரண்டு காலில் நிற்கும் உன் அப்பா