மாதா விளக்கு மங்கும்போது

செப்டம்பர் 23, திங்கள்

இன்றும் வண்டி நின்றுவிட்டது. அடையாறு பாலத்தின் நடுவில், அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் நானும் இறங்கித் தள்ளினோம். அம்மா எட்டு மாத வயிற்றோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா சார், வண்டிக்கும் மசக்கையா?" என்றார். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. எப்போதும் அப்படித்தான்.

எல்லாரும் தூங்கிய பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை வலிக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் மெஹபூப் பாஷா பாயிடம் அப்பாவோடு போனேன். பிளக் மாற்றியாகிவிட்டது. பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. "புதுசா எதுனா மாட்னீங்களா சார்? ஹாரன், பாட்டு செட்டு, கேமரா?" என்று மறுபடியும் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய்."

அப்பா பொய் சொல்லவில்லை. மாதாவை ஒரு பார்ட் என்று அவர் நினைக்கவே மாட்டார். வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கிய மாதா சுரூபம், சின்னச் சிலை; சுற்றிலும் நீல விளக்கு. சைதாப்பேட்டையில் ஒரு கடையில் ஒயர் கொடுத்து டேஷ்போர்டில் மாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

பாய் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். மாதாவிடமிருந்து இறங்கும் ஒயர் பக்கம் வந்ததும் டார்ச்சைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன்.

செப்டம்பர் 28, சனி

முதலில் விளக்கு மங்குகிறது. அப்புறம்தான் வண்டி நிற்கிறது. பின்சீட்டிலிருந்து எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

செப்டம்பர் 29, ஞாயிறு

எப்படிச் சொல்வது? அது நேர்ச்சை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை, வண்டி ஓடும்போதெல்லாம் அந்த விளக்கு எரியும் என்று அப்பா வேண்டியிருக்கிறார். போன வருடம் ஏழாம் மாதத்திலேயே பாப்பா போய்விட்டது. அன்றிலிருந்து அப்பா எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

நான் சொல்லி, விளக்கைக் கழற்றி, அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா? என்னாலதான்னு ஆயிடும். சொல்லாம இருந்து, வலி வந்த அன்னிக்கு வண்டி பாலத்துல நின்னுட்டா — அதுவும் என்னாலதான். யார்கிட்ட போய்க் கேக்கறது?

அக்டோபர் 2, புதன்

"வலி வந்தா ஆட்டோ பிடிச்சுக்கலாமே" என்றாள் அம்மா. "மாதாவோடதான் போறோம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 5, சனி

சொல்லிவிட்டேன்.

மந்தைவெளி சிக்னல் தாண்டியதும் வண்டி நின்றது. நல்ல வெயில். அப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "அப்பா, மாதா விளக்கு மங்கினாதான் வண்டி நிக்குது. ஒவ்வொரு தடவையும்."

"என்ன பேசுற ரெனி?"

கை ஓங்குவார் என்று நினைத்தேன். அம்மாதான் பேசினாள். "கழட்டுங்க. அவங்கள நான் மடியில வெச்சுக்கறேன்."

"நேர்ச்ச, டோரதி."

"எனக்காகத்தானே நேந்துக்கிட்டீங்க? நானே சொல்றேன், கழட்டுங்க."

அப்பா சுரூபத்தைக் கழற்றி எடுத்து அம்மா மடியில் வைத்தார்.

வண்டி கிளம்பியதும் நேரே பாயிடம் போனோம். இந்தத் தடவை அவர் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரைப் பாதியில் வெட்டி, விளக்கு ஒயரோடு சேர்த்து வெறுமனே முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அது சூடாகிவிட்டால் பம்புக்குக் கரண்ட் போகாதாம். டேப் உருகிக் கிடந்தது.

"அன்னிக்கே பாத்தேன் சார். உங்க சாமி சமாச்சாரம், நம்ம கை வெக்கக் கூடாதுன்னு உட்டுட்டேன்."

"நீங்க கேட்டப்பவும் எனக்கு அது தோணவே இல்ல பாய்."

பிறகு பாய் ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "விளக்குக்குத் தனியா லைன் இழுக்கவா சார்?" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "இப்ப வேணாம் பாய்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே போய்ப் படுத்துக்கொண்டார். கோபமா, களைப்பா?

அக்டோபர் 9, புதன்

வண்டி நிற்கவில்லை. பயம்தான் போகவில்லை. அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 19, சனி

விடியற்காலையில் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆஸ்பத்திரி வாசல். அம்மாவைத் தாங்கிக்கொண்டு அப்பா உள்ளே ஓடினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. தங்கச்சி. அப்பா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கனமாக இருந்தது.

அப்போது வாட்ச்மேன் வந்தார். "யாருது சார் அந்த வெள்ள வண்டி? வந்ததுலேர்ந்து ஓடிக்கினே கீது."

அப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். "ரெனி, சாவி அதுலயே இருக்கு. நீ போய் ஆஃப் பண்ணிட்டு வாம்மா."

போனேன். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி, அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அணைத்தேன்.