மேற்குக் காட்டுக் காற்றாலை

பல்லடம் பக்கம்,
28.7.96

அன்பு மகன் வரதராஜுலுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்த டென்மார்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். நீ சொல்லி மாடியில் வைத்த சோலார் ஹீட்டரில் மேகம் போட்டிருந்தாலும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வருகிறது, சாண கேஸ் அடுப்பும் இரண்டு வேளைச் சமையலுக்குத் தாங்குகிறது, புகை இல்லாததால் என் இருமல் விட்டது. வெயிலும் சாணமும் காற்றும் தீராத சரக்கு என்று நீ எழுதியதை நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அந்த ஆசையில்தான் மேற்குக் காட்டைக் காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுத்தார்.

இப்போது ஆடிக் காற்றில் அந்தக் காற்றாலை ஓயாமல் சுற்றுகிறது. சாயங்கால வெயிலில் றெக்கை நிழல் சமையல்கட்டுச் சுவரில் வந்து வந்து போகிறது, நைனா மேற்கு ஜன்னலை ஆணி அடித்துச் சாத்திவிட்டார். உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன் கண்ணு. உனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள், பங்காரம்மா என்று பெயர். அவ்வளவு சின்னக் குழந்தையைச் சொந்தக் காட்டிலேயே புதைத்துவிடுவது நம் வீட்டு வழக்கம், கல் நட மாட்டார்கள், பெற்றவளுக்கு இடத்தைக் காட்டவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு உழவிலும் வேலமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் வந்தால் நைனா ஏரைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போவார், மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். கம்பெனிக்காரர்கள் லாரி வர அந்த மரத்தை வெட்டியதில் அவருக்கு அடையாளம் தப்பிவிட்டது, எனக்குத் தப்பவில்லை. காற்றாலைத் தூணுக்கு அவர்கள் அந்த இடத்திலேயே முளைக்குச்சி அடித்தபோதும் கேட்கக் கூடாத விஷயம் என்று மாடியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், பாவி. தோண்டிய அஸ்திவாரக் குழிக்குள் வேலமரத்து வேரைப் பார்த்துவிட்டு வந்த நைனா, அந்த எடந்தான், ரங்கம் என்று என்னிடம் மட்டும் சொன்னார், இரண்டு நாள் சோறு தொடவில்லை.

இனி நைனாவுக்கு எழுதும்போது எத்தனை யூனிட் ஓடுகிறது என்று கேட்காதே, அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார். எனக்கு ஒரு காரியம் செய். காற்று அடிக்கும்போதே அதை நிறுத்த பிரேக் உண்டென்று எழுதியிருந்தாய். கம்பெனி இன்ஜினீயருக்கு எழுதி ஒரே ஒரு சாயங்காலம் நிறுத்தச் சொல். நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை. ஒரு சொம்புப் பால் ஊற்றி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அந்த இரைச்சலில் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது.

நைனாவுக்குத் தெரிய வேண்டாம், பதிலைச் சிங்காநல்லூர் சுப்பண்ண மாமா விலாசத்துக்குப் போடு, மறந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. நீண்ட ஆயுசோடு நன்றாக இரு சாமி.

உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்,
ரங்கநாயகி